கீல் பூசிய போத்து

‘ப்ராபகேட்’ என்கிற ஆங்கில வினைச்சொல்லை நான் முதன்முதலில் பார்த்தது எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரில். அப்பாவின் தங்கச்சி, என் அத்தை, அதைக் கரித்துண்டால் முழ நீளத்துக்கு எழுதி வைத்திருந்தாள். அம்மா குழம்பைக் கிண்டிக்கொண்டே, “சுண்ணாம்பு அடிச்சு ஆறு மாசம் ஆகலை, அதுக்குள்ள சுவரைப் பாழாக்கிட்டா” என்று முணுமுணுத்தாள்.

உங்களுக்கும் இப்போது என் வயதுதான் இருக்கும். கிழமை பார்த்து மாத்திரை விழுங்குகிற வயது. ஆகவே எழுபதுகளின் தூத்துக்குடியை நான் ரொம்ப விளக்க வேண்டியதில்லை. புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப் போகும் லாரிகள், கொடியில் காயும் பாவாடையில் துணியோடு சேர்ந்து காயும் உப்பு, மத்தியான வெயிலில் கிளம்பும் கருவாட்டு வாசனை எல்லாம் உங்கள் மூக்கிலும் இருக்கும். எனக்கு அப்போது பத்து வயது. நான் சொல்ல வந்தது ஒரே ஒரு தவசுகாலத்தைப் பற்றி. சாம்பல் புதனில் தொடங்கி ஈஸ்டர் வரை எங்கள் கோயிலில் கல்யாணம் கிடையாது. அத்தைக்குக் கிடைத்த அவகாசம் அவ்வளவுதான்.

அத்தை பி.ஏ. ஆங்கிலம் படித்து, வாத்தியார் பயிற்சியும் முடித்து, இரண்டு வருடமாக வீட்டில் இருந்தாள். மணப்பாட்டில் கப்பலில் வேலை பார்க்கும் ஒருவர், மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகள் உண்டு, பெண் கேட்டிருந்தார். அப்பா பாதி வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அந்த நேரம் பார்த்து விளாத்திகுளம் பக்கத்துப் புராட்டஸ்டன்ட் மிஷன் பள்ளி ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. குருத்து ஞாயிறுக்கு முந்தின வாரம், அதாவது ஈஸ்டருக்கு இரண்டு வாரம் முன்பு, வந்து எட்டாம் வகுப்புக்கு ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். செடிகொடி பற்றிய ஆங்கிலப் பாடம். பிடித்திருந்தால் வேலை.

“கடலே இல்லாத ஊர்ளா அது” என்றார் அப்பா. அவர் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணிக்குத் தண்டல், அதாவது தோணியை நடத்திச் செல்பவர். கடல் இல்லாத ஊரில் மனிதர்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்பார்கள் என்பதே அவருக்குச் சந்தேகம்.

“அவங்க கோயில்ல மாதா கிடையாதே, அங்கன எப்படி இருப்பா?” என்றாள் அம்மா.

“கும்பிடப் போகலை மைனி, படிச்சுக்குடுக்கப் போறேன்” என்றாள் அத்தை.

கடைசியில் அப்பா தன் தீர்ப்பைச் சொன்னார். “ஈஸ்டருக்குள்ள வேலை கிடைச்சா போ. கிடைக்கலேன்னா மணப்பாட்டுக்குச் சரின்னு சொல்லிருவேன். அடுத்த ஞாயிறே கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சிருவாங்க.” அத்தை தலையாட்டினாள். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அவள் பங்கு வறுத்த மீனை நான்தான் தின்றேன்.

அந்தப் பாடத்தில் ஒரு சொல் அத்தையைப் பிடித்துக்கொண்டது. அதுதான் சுவரில் இருந்த ப்ராபகேட். ‘பரப்பு’ என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அது போதாது என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அடுத்த தெருவில் ஓய்வுபெற்ற கஸ்டம்ஸ்காரர் ஒருவர் இருந்தார். அவரிடம் தலையணை கனத்தில் ஓர் ஆங்கில அகராதி உண்டு. பாய்மரத் துணியில் அட்டை போட்டிருப்பார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காட்டினால்தான் தொடவே விடுவார். அத்தையும் நானும் நான்கு கைகளையும் காட்டிவிட்டு உள்ளே போனோம்.

அத்தை படித்தாள். படித்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு திரும்பவும் படித்தாள்.

“இது தோட்டக்காரங்க வார்த்தை, சார்” என்றாள். “லத்தீன்ல திராட்சைக்கொடியோட கிளையை வளைச்சு மண்ணுல அமுக்கி வைக்கிறதுக்குப் பேராம். அமுக்கின இடத்துல வேர் விட்டு இன்னொரு கொடியாயிரும். அதுக்கும் அடியில ஒரு பழைய வேர்ச்சொல் இருக்கு. ஊன்றுறது, பொருத்துறதுன்னு அர்த்தமாம்.”

“நாங்க கோயில்லதான் இந்த வார்த்தையைக் கேட்டிருக்கோம். விசுவாசத்தைப் பரப்புறதுன்னு” என்றார் கஸ்டம்ஸ்காரர். “பரப்புறதுன்னா வீசி எறியிறதுன்னுல்லா நினைச்சேன்.”

“நானும் அப்படித்தான் நினைச்சேன்” என்றாள் அத்தை.

நானும்தான். எங்களுக்குப் பரவுவது என்றால் வீசுவலை பரவுவது, தண்ணீரில் எண்ணெய் பரவுவது. ஒன்றை ஒரே இடத்தில் ஊன்றி வைப்பதும் பரப்புவதுதான் என்று எங்கள் தெருவில் யாரும் சொன்னதில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அத்தை துள்ளி நடந்தாள். இருபத்தாறு வயதுப் பெண், தெருவில், துள்ளி. இரண்டு வீட்டு ஜன்னல்கள் திறந்து பார்த்தன.

வகுப்பில் வெறும் வாயால் சொல்லக் கூடாது, கையில் காட்ட வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். திராட்சைக்கொடிக்கு எங்கே போவது? எங்கள் தெருவுக்கு முருங்கைக்காய் கொண்டு வரும் காய்க்காரம்மாவிடம் கேட்டாள். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் கூடை ஆடியது.

“இதுக்குப் போயி இங்கிலீசு வேணுமாக்கும்? எங்க ஊர்ல இதுக்குப் போத்து நடுறதும்பாங்க. கிளையை வெட்டி மண்ணுல ஊன்றினா மரம். அம்புட்டுதான்.”

மறுவாரம் முழங்கை நீளத்தில் ஒரு முருங்கைப் போத்தும், சாக்குப் பையில் செம்மண்ணும் வந்தன. எங்கள் மணலில் எதுவும் தேறாது என்று காய்க்காரம்மாவுக்குத் தெரிந்திருந்தது. மேல் வெட்டில் சாணியை உருண்டையாக அப்பினாள். “இல்லேன்னா வெயில் ஈரத்தை உறிஞ்சிரும். நட்டுட்டு மறந்துரு தாயி. தண்ணியை ஊத்தி ஊத்திக் கொன்னுராத.” அத்தை ஒரு மண்ணெண்ணெய் டின்னில் அதை நட்டாள். கையால் சுற்றிலும் மண்ணை அமுக்கும்போது, “பாத்தியாளா, இதுதான் ப்ராபகேட்” என்றாள். வேர் விட்டதும் வகுப்பில் அதைப் பிடுங்கிக் காட்டுவதாக ஏற்பாடு.

அப்பா இதையெல்லாம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாதங்களில் அவர் கடலில் இருக்க வேண்டியவர். தோணியின் அடிப்பலகை விட்டுப்போனதால் அதைக் கரையேற்றி வேலை நடந்துகொண்டிருந்தது. தினமும் சாயங்காலம் கை முழுக்க, பலகைக்குப் பூசும் கறுத்த கீலோடு வீட்டுக்கு வருவார். எங்கள் சோற்றில்கூட அந்தத் தார் வாசனை அடிப்பதாக அம்மா குறைபட்டுக்கொள்வாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவும் அத்தையும் கோயிலுக்குச் சிலுவைப்பாதைக்குப் போயிருந்தார்கள். எனக்குக் காய்ச்சல் என்று விட்டுப் போனார்கள். காய்ச்சல் பாதி நிஜம். அப்பா ஒரு தகரக் குவளையில் சூடான கீலோடு வந்தார். டின்னிலிருந்து போத்தை மெல்ல உருவினார். அடிப்பக்கத்து மண்ணைத் தன் வேட்டியால் துடைத்தார். பிறகு கீழ் வெட்டிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குக் கீலை வழித்துப் பூசினார். காயவிட்டு இன்னொரு தடவையும் பூசினார். பூசும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். தோணிப் பலகைக்குப் பூசும்போது எப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு பூசுவாரோ அப்படியே இருந்தது.

“எதுக்குப்பா?” என்றேன்.

“மேல வெட்டை மட்டும் மூடுதாங்க. மண்ணுக்குள்ள இருக்கிறதுதான் முதல்ல இத்துப்போகும். வலை காயப்போடுற கம்புக்கெல்லாம் அடியில கீல் பூசித்தான் நடுவோம், தெரியாதா? இல்லேன்னா உப்பு தின்னுரும்.” திரும்ப நட்டு மண்ணை அமுக்கினார். “அத்தைட்ட சொல்லாத. மண்ணுக்குள்ள இருக்கிறது யாருக்குத் தெரியப் போகுது.”

எனக்கு அப்பாவின் மேல் அன்று பொங்கிய பிரியத்தை எப்படிச் சொல்வது? வேலைக்குப் போகக் கூடாது என்று முறுக்கிக்கொண்டு நின்றவர், ரகசியமாக இப்படியொரு உதவி செய்கிறாரே என்று. நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை. நீங்களாக இருந்தாலும் விட்டிருக்க மாட்டீர்கள். கடற்கரையில் பிறந்த பிள்ளைக்குக் கம்பு வேறு, செடி வேறு என்று எப்படித் தெரியும்?

மூன்றாவது வாரம் போத்தில் கொழுந்து வந்தது. முதலில் பச்சைப் புள்ளி, பிறகு சுருண்ட இலை. வீடே அதைச் சுற்றி நின்றது. சுவர் பாழாகிவிட்டது என்று திட்டிய அம்மாவே பக்கத்து வீட்டுக்காரியைக் கூட்டி வந்து, “எங்க வீட்டுப் பொண்ணு நட்டது” என்று காட்டினாள். அத்தை தினமும் காலையில் ஜெபம் சொல்லுமுன் அதைப் போய்ப் பார்ப்பாள். அப்பா தூரத்திலிருந்தே பார்ப்பார். எனக்கோ ரகசியம் தொண்டையில் குறுகுறுத்தது.

வகுப்பு நாளன்று அப்பா, அத்தை, நான் மூவரும் விளாத்திகுளம் பஸ்ஸில் போனோம். டின்னை அப்பா மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு பக்கமும் மிளகாய் காய்ந்து சிவந்த கரிசல் காடு. குழி வந்தபோதெல்லாம் அப்பா கொழுந்தைக் கையால் மறைத்தார்.

வகுப்பறையில் தலைமையாசிரியை அம்மாவும், பள்ளி மேனேஜர் ஐயாவும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கடைசி பெஞ்சில் இடுக்கினார்கள். அப்பா வெளியே ஜன்னலோரம் நின்றார். அத்தை கரும்பலகையில் சொல்லை எழுதி, அர்த்தம் கேட்டாள். “ஸ்ப்ரெட், டீச்சர்” என்றது வகுப்பு. “எப்படி?” என்று கேட்டாள். ஒருத்தி கையை வீசி விதை தெளித்துக் காட்டினாள். அத்தை சிரித்துவிட்டு, திராட்சைக்கொடியின் கதையைச் சொன்னாள். அவ்வளவு அழகாகச் சொன்னாள். மேனேஜர் ஐயா சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இப்ப வேரைப் பாப்போம்” என்று சொல்லி அத்தை டின்னைச் சாய்த்து, தட்டி, போத்தை உருவினாள்.

கறுப்பாக வந்தது. வேர் என்று ஒரு மயிரிழை கிடையாது. மேலே பச்சைக் கொழுந்து, கீழே பளபளவென்று கீல். வகுப்பு முழுக்கத் தோணித்துறை வாசனை.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அத்தை ஜன்னலைப் பார்த்தாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அத்தையின் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். செத்துப்போகலாம் போல இருந்தது எனக்கு.

அத்தை கையில் ஒட்டிய மண்ணை உதறினாள். பிறகு அந்தக் கறுத்த கம்பை வகுப்புக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

“இலை வந்திருக்கு. வேர் வரலை. ஏன்?”

முன் பெஞ்சில், தோளில் கிழிசல் தைத்த சட்டை போட்ட ஒரு பிள்ளை எழுந்தது. “அடியை அடைச்சிட்டீங்க டீச்சர். வெட்டுவாய் மண்ணைத் தொட்டாத்தான் வேர் விடும்.”

“அப்ப இலை எப்படி வந்தது?”

“கம்புக்குள்ள மிச்சம் இருந்த ஈரத்துல வந்திருக்கும். ரெண்டு வாரத்துல அதுவும் வாடிரும்.”

“இதை இங்கிலீஷ்ல சொல்லு பாப்போம்” என்றாள் அத்தை.

அந்தப் பிள்ளை திணறியது. பக்கத்தில் இருந்தவள் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தாள், பின்னால் இருந்தவள் இன்னொன்று. அத்தை ஒவ்வொன்றாகப் பலகையில் எழுதினாள். வீட்டில் ஆமணக்கும் பருத்தியும் முருங்கையும் போடுகிற பிள்ளைகள். அவர்களுக்குத் தெரியாததை அத்தை சொல்லவில்லை, தெரிந்ததைச் சொல்ல ஆங்கிலம் கொடுத்தாள். மணி அடித்தபோது யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அந்தக் கிழிசல் சட்டைக்காரி அரிவாள் வாங்கி வந்து கீல் பூசிய பகுதியைச் சாய்வாக வெட்டி எறிந்தாள். மீதியைப் பள்ளிக் கிணற்றோரம் எல்லோருமாக நட்டார்கள்.

மேனேஜர் ஐயா, “கடிதம் போடுகிறோம்” என்று மட்டும் சொன்னார். அந்த வாக்கியத்துக்கு இரண்டு அர்த்தமும் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும்.

திரும்பும்போது அத்தை பஸ்ஸில் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்ததும் அம்மா நடந்ததைக் கேட்டுவிட்டு அப்பாவிடம் வெடித்தாள். “வேணும்னே செஞ்சிட்டீங்க. கூடப்பிறந்தவ பிழைப்புல கீலைப் பூசிட்டீங்க.”

அப்பா மறுக்கவில்லை. சுவரில் இருந்த எழுத்தைப் பார்த்தபடி நின்றார். நான் அவரைக் காப்பாற்ற வேண்டுமே என்று குறுக்கே விழுந்து, “அப்பா நல்லாத்தான் பூசினாங்க. ரெண்டு தடவை பூசினாங்க, நான் பாத்தேன்” என்றேன்.

காரியம் கெட்டது. “ரெண்டு தடவையா?” என்றாள் அத்தை. அதற்குப் பிறகு அவள் அண்ணனோடு பேசவில்லை. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம் முழுக்க எங்கள் வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின. அப்பா மறுக்காமல் நின்றதாலேயே அவர் குற்றவாளி என்று நாங்கள் மூவரும் தீர்மானித்துக்கொண்டோம். மறுக்காதவன் மனதில் வேறு ஏதாவது இருக்கலாம் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றாதது சரி. அம்மாவுக்கும் தோன்றவில்லை.

ஈஸ்டர் முடிந்த மறுநாள் காலையில் அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு மணப்பாட்டுக்குக் கிளம்பினார். விளாத்திகுளத்திலிருந்து கடிதம் வரவில்லை. கெடு முடிந்துவிட்டது. அத்தை கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா அழுதுகொண்டே சோறு வடித்தாள். சாயங்காலம் அப்பா வந்து, செருப்பைக் கழற்றாமலே, சாத்திய கதவைப் பார்த்துச் சொன்னார்.

“வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். என் தங்கச்சிக்கு இஷ்டம் இல்லைன்னு சொன்னேன். வாக்கை மீறினதுக்கு மன்னிப்பும் கேட்டுட்டேன். வேலை கிடைக்குதோ இல்லையோ, நீ இங்கன இரு.”

கதவு உடனே திறக்கவில்லை. ராத்திரி சோற்றுக்குத்தான் திறந்தது. மூன்று நாள் கழித்துக் கடிதம் வந்தது. ஜூன் மாதம் வேலையில் சேரலாம். தலைமையாசிரியை அம்மா கீழே கையால் ஒரு வரி எழுதியிருந்தார்: கிணற்றடி முருங்கைக்குத் தினமும் யார் தண்ணீர் ஊற்றுவது என்று எட்டாம் வகுப்பில் சண்டை நடக்கிறது.

அத்தை கிளம்பிய நாளில் அப்பாவும் நானும் பஸ் நிலையத்துக்குப் போனோம். அப்பா தகரப் பெட்டியை மேலே ஏற்றிவிட்டு இறங்கி, அத்தையின் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். டிரைவர் இன்ஜினைக் கிளப்பிவிட்டார்.

“ஏளா, ஒண்ணு சொல்லணும்” என்றார். “அதைக் கெடுக்கணும்னு நான் பூசலை. உப்பு தின்னுரக் கூடாதுன்னுதான் பூசினேன்.”

“சரிண்ணே.”

“முழுசாக் கேளு. பூசிட்டு இருக்கும்போதே, இது பட்டுப்போனா நீ போகாண்டாமேன்னு ஒரு நினைப்பு வந்துட்டு. எனக்கே பயமாப் போச்சு. அந்த நினைப்புக்குப் பயந்துதான் ரெண்டாவது தடவையும் பூசினேன். உன் மைனி கேட்டப்ப இதை எப்படிச் சொல்ல?”

அத்தை ஜன்னலோடு சாய்ந்து குனிந்தாள். பிறகு ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி, கீல் அப்பிய அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். “முதல் பூச்சு எனக்கு, ரெண்டாவது பூச்சு உனக்கு. போண்ணே, சரியாப் போச்சு” என்றாள். இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

பஸ் போய்விட்டது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்த முன்பின் தெரியாத ஒருவரிடம், அவர் கேட்காமலே, “என் தங்கச்சி. டீச்சரா போறா” என்றார். அவர் தலையாட்டிவிட்டு நகர்ந்ததும் பழக்கடை அண்ணாச்சியிடம் சொன்னார். பிறகு எதிரே வந்த சைக்கிள்காரரை நிறுத்திச் சொன்னார். நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் பதினொரு பேரிடம் சொல்லிவிட்டார். நான் எண்ணிக்கொண்டே வந்தேன்.